தில்லியில் ஏது ஆடி

1

இன்று ஆடி முதல் தேதி. தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சாரலும் குற்றாலத்துத் தண்ணீரும் நினைவுக்கு வரும். இங்கே துவாரகாவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு முன்னால் மழைத்தண்ணீர் முழங்கால் வரை நிற்கிறது. ஈ-ரிக்ஷாக்காரர்கள் இந்தப் பக்கம் வரவே மறுக்கிறார்கள். காலையில் இரண்டு போன் வந்தன. இரண்டும் தமிழ்க் குடும்பங்கள். ஆடி பிறந்துவிட்டதால் வீடு பார்ப்பதை ஆவணிக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். தாராளமாக என்றேன். போனை வைத்துவிட்டு இந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தில்லிக்கு நான் வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணமான மறு மாதம் லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வந்து இறங்கியவள். என் வீட்டுக்காரர் சங்கரன் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும் என்பதால் முன்கூட்டியே இந்தத் துவாரகா வீட்டை வாங்கிப்போட்டோம். அதற்காக நான் அலைந்த அலைச்சலைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்கள், தங்களுக்கும் ஒரு வீடு பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். அப்படியே நான் பிராபர்ட்டி டீலர் ஆகிவிட்டேன். ஊரில் வீட்டுத் தரகர் என்பார்கள். இந்தப் பகுதி டீலர்களுக்கு நான் ‘தமிழ் மேடம்’.

போன கார்த்திகையில் அவர் போய்விட்டார். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமென்றால், தில்லியில் வீடு எந்த மாதத்தில் விற்கும், எந்த மாதத்தில் விற்காது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். சாவைப் பற்றி எழுத வந்தவள் வியாபாரம் பேசுகிறாளே என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தன.

2

ஜனவரி நடுவில் சங்கராந்தி கழிந்ததும் ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். தெற்குப் பார்த்த பால்கனி உள்ள வீடு கையில் இருந்தால் அப்போது நான் வாயே திறக்க வேண்டியதில்லை. வந்த பார்ட்டியைப் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கையில் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். குளிர்கால வெயில் முதுகில் அரை மணி நேரம் பட்டால் அவர்களே எழுந்து விலை பேச வருவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பள்ளிக்கூடச் சேர்க்கை, மாற்றல், வரி என்று ஓட்டமாக இருக்கும். மே, ஜூனில் வெயிலுக்குப் பயந்து ஒருவரும் வெளியே வர மாட்டார்கள். பாதித் தில்லி மலைக்கும் மீதி சொந்த ஊருக்கும் போய்விடும்.

ஜூலை, ஆகஸ்ட் மழை. ஆட்கள் குறைவு. ஆனால் அந்த மழையில் நனைந்துகொண்டு வருகிறவன் வேடிக்கை பார்க்க வருவதில்லை, வாங்க வருகிறான். அதற்குப் பிறகு சிராத், நம்மவர்களின் மகாளய பட்சம். அந்தப் பதினைந்து நாளில் வடக்கத்தியர்கள் வீடு என்ன, ஒரு முக்காலிகூட வாங்க மாட்டார்கள். சிராத் முடிந்து நவராத்திரி பிறந்த அன்று காலையிலிருந்து போன் ஓயாது. நவராத்திரி முதல் தீபாவளி வரை ஒரு மாதத்தில் பாதி வருடத்துச் சம்பாத்தியத்தைப் பார்த்துவிடலாம். விலையும் அப்போதுதான் உச்சத்தில் நிற்கும்.

தீபாவளியை ஒட்டிப் புகை இறங்கும். வயல் எரிக்கிற புகை, வண்டிப் புகை, பட்டாசுப் புகை எல்லாம் சேர்ந்து ஊரின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அந்த மாதத்தில் வருகிற ஒன்றிரண்டு பேரும் முகத்தை மூடிக்கொண்டு வந்து, ஜன்னலைத் திறக்கச் சொல்லி, உடனே மூடவும் சொல்வார்கள். அதற்கும் என்னிடம் ஒரு வழி இருந்தது. காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினை வீட்டுக்காரர்கள் காலையிலிருந்தே ஓடவிட வேண்டும். பார்ட்டி லிப்டில் ஏறியதும் அதைத் தூக்கிக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். பார்ட்டி மூச்சை இழுத்துப் பார்ப்பார்கள். பக்கத்தில் பூங்கா இருப்பதால் இங்கே மட்டும் காற்று பரவாயில்லை என்று வாய் கூசாமல் சொல்வேன். எத்தனையோ வீட்டை அப்படி முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

தமிழ்ப் பார்ட்டி என்றால் இன்னொரு தலைவலி. ஆடி ஆகாது, மார்கழி ஆகாது, சிலருக்குப் புரட்டாசியும் ஆகாது. இங்கே பல வருடம் இருந்த பழக்கத்தில் வடக்கத்தியர்களின் ஆகாத நாட்களையும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டு பஞ்சாங்கத்தையும் வைத்துக்கொண்டு பார்த்தால் வருடத்தில் வீடு வாங்க மிஞ்சுவது கொஞ்ச நாள்தான். இரண்டும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற மாதம் மார்கழி ஒன்றுதான், அப்போதும் இருவருமே வாங்க மாட்டார்கள். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தே பிழைத்தவள் நான்.

3

என் வீட்டுக்காரர் போவதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவரை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. சிகரெட்டைக் கையால் தொடாத மனிதர். முப்பது வருடம் பஸ் ஸ்டாப்பில் நின்றவர், அவ்வளவுதான். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்றார்கள். டாக்டர் பாலக்காட்டுக்காரர், தமிழ் தெரிந்தவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு நவம்பரை இவர் தில்லியில் கழிக்கக் கூடாது, புகை இறங்குவதற்குள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்றார். நான் தலையாட்டினேன்.

அதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு, தென்காசி. எங்களிடம் இருந்தது இந்த ஒரு வீடுதான். இதை விற்றால் அங்கே சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டு மருந்துச் செலவையும் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஒரே மகள் நந்தினி, முதலில் அப்பாவை அங்கே ஒரு வாடகை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வீட்டைப் பிறகு விற்றால் என்ன என்று கேட்டாள். பூட்டிய வீட்டுக்கு விலை வராது, ஆள் புழங்குகிற வீட்டுக்குத்தான் வரும் என்று தொழில் தெரிந்தவளாகப் பதில் சொன்னேன். அவரைத் தனியாக அனுப்பவும் முடியாது.

ஆனி மாதமே அவர் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். ஸ்வெட்டர்கள், மப்ளர், காதை மூடும் கம்பளித் தொப்பி எல்லாவற்றையும் ஒரு பழைய படுக்கை விரிப்பில் கட்டி வாசல் பக்கம் வைத்தார். கீழே இஸ்திரி போடுகிற பெண்ணின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். “தென்காசியில இதப் போட்டுக்கிட்டு நடந்தா நாய் கொலைக்கும்” என்றார். வெகு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். சிரித்து முடிக்க மூச்சுப் போதவில்லை.

ஆடி இரண்டாம் வாரம் அரோரா வந்தார். கரோல் பாகில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். மனைவி, சக்கர நாற்காலியில் வயதான அம்மா. மூன்று பேரும் தொப்பலாக நனைந்துகொண்டு வந்தார்கள். லிப்டுக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தது அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டது. அரோரா விலையை ஒப்புக்குக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், நான் கொஞ்சம் குறைத்தேன், ஒத்துக்கொண்டார். பையிலிருந்து சிவப்புத் துணியில் சுற்றிய கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர்களுக்கு அது சாவன் மாதம், அன்று திங்கட்கிழமை, சிவனுக்கு உகந்த நாளாம். முன்பணத்தை இன்றே வாங்கிக்கொள்ளுங்கள், பத்திரத்தை ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்றார்.

நான் கவரை அவர் பக்கம் நகர்த்தினேன். எங்களுக்கு இது ஆடி, இந்த மாதத்தில் வீடு கொடுக்கல் வாங்கல் கிடையாது, ஆவணி பிறந்ததும் வாருங்கள் என்றேன். அவருடைய அம்மா, நம் சிராத் மாதிரி போலிருக்கிறது என்று மகனுக்குச் சமாதானம் சொன்னார். அரோரா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்த என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆவணின்னா ஆவணி. ஒனக்குத் தெரியாததா” என்றார்.

குருகிராமில் தனியாக வீடு எடுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நந்தினி போனில் கத்தினாள். ஆடியாவது கீடியாவது, அவரைத் திரும்பக் கூப்பிட்டு வாங்கிக்கொள் என்றாள். பெரியவர்கள் வைத்த வழக்கம் என்றேன். இப்படி நான் பேசி அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்த ஆடியிலேயே ஒரு சாயங்காலம் பார்த்தால், வாசல் பக்கம் இருந்த மூட்டை அவிழ்ந்து கிடந்தது. ஸ்வெட்டர்களை அவர் அலமாரியில் பழைய இடத்திலேயே அடுக்கிக்கொண்டிருந்தார். மின்விசிறி போதாமல் ஏசி ஓடிக்கொண்டிருந்த நாள். ஏன் என்று கேட்டேன். இருக்கட்டும், வேண்டியிருக்கும் என்றார். நான் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தேன்.

4

ஆவணி பிறந்ததும் அரோராவே போன் செய்தார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். வியாழக்கிழமை பிடித்த மழை வெள்ளி மதியம்வரை விடவில்லை. அடித்தளத்தில் கார் நிறுத்துகிற இடம் முழுக்கத் தண்ணீர். பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு அரோரா அதில் நின்ற கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. அடித்தளத்தில் தண்ணீர் நிற்கிற நாளில் எந்தப் பார்ட்டிக்கும் நான் வீடு காட்டியதில்லை. என் வீட்டுக்கு மட்டும் அதை மறந்தேன். அவர் விலையை இன்னும் குறைக்கச் சொன்னார். நான் முடியாது என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார்.

யோசித்து முடிப்பதற்குள் சிராத் வந்துவிட்டது. அவர் மரியாதை தெரிந்தவர். இந்தப் பதினைந்து நாள் எதுவும் பேச முடியாது மேடம், உங்கள் ஆடி மாதிரிதான் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நவராத்திரியில் நான் எதிர்பார்த்தபடியே கூட்டம் வந்தது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் எங்கள் வீட்டை வந்து பார்த்தன. ஆனால் பண்டிகைக் கூட்டத்துக்குப் பண்டிகைக் கடைதான் பிடிக்கும். கொஞ்ச தூரத்தில் புதிதாக எழும்பிய கட்டடத்தில் சமையலறை அலமாரி இலவசம், தங்கக் காசு இலவசம் என்று விளம்பரம் வைத்திருந்தார்கள். அரோரா அங்கே துர்காஷ்டமியன்று முன்பணம் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு பெட்டி லட்டும் அனுப்பியிருந்தார்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை எழுதாமல் விட முடியாது. பார்ட்டி வருகிறார்கள் என்று போன் வந்தால் என் வீட்டுக்காரரே எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதில் பெருமை ஒன்றும் இல்லை, போக வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லையே. நான் இங்கே ஹாலில் நின்று காற்றோட்டத்தைப் பற்றிப் பேசுவேன். அவர் உள்ளே தலையணையில் முகத்தை வைத்து இருமலை அடக்குவார். உள்ளறையைக் காட்டுங்கள் என்று யாராவது கேட்டால், கதவைத் திறக்குமுன் நான் ஒரு தடவை தட்டுவேன். அவர் எழுந்து நின்று, வந்தவர்களுக்கு நமஸ்தே சொல்வார்.

தன்தேரஸ் அன்று ஒரு இளம் தம்பதி முன்பணத்தோடு வந்தார்கள். வடக்கத்தியர்கள் நகையும் பாத்திரமும் வாங்கும் நாள் அது, வீட்டுக்கும் நல்ல நாள். அந்த வருடம் புகை சீக்கிரமே இறங்கிவிட்டது. அவர்களுடைய குழந்தை பால்கனியில் நின்று இருமியது. அதே நேரம் உள்ளறையிலிருந்தும் இருமல் கேட்டது, இந்தத் தடவை அவரால் அடக்க முடியவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, அங்கிள் இந்த வீட்டில் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேட்டாள். மெஷின் குளியலறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் டீயைக் குடிக்காமலே போய்விட்டார்கள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி, கிளம்பிவிடலாம் என்று ரயிலுக்குப் பதிவு செய்தேன். பண்டிகைக் கூட்டத்தில் கிடைத்தது காத்திருப்புப் பட்டியல். விமானத்தில் ஏற்ற டாக்டர் சம்மதிக்கவில்லை. தீபாவளி கழிந்த நாலாம் நாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

5

ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்க அரை நாள் ஆயிற்று. வராந்தா முழுக்க மூச்சு வாங்குகிற கிழவர்களும் குழந்தைகளும்தான். புகைக்கென்று தில்லியில் ஒரு பருவம் இருப்பதுபோல ஆஸ்பத்திரிக்கும் அதே பருவம் என்று அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

அவர் அலுவலகத்தில் இந்தியில் குறிப்பு எழுதிப் பரிசு வாங்கியவர். கடைக்காரரிடம் பேரம் பேசும்போது கேட்டால் மதராஸி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடைசி வாரத்தில் அவ்வளவு இந்தியும் அவரை விட்டுப் போய்விட்டது. நர்ஸ் என்ன கேட்டாலும் தமிழில்தான் பதில். அதுவும் ஊர்த் தமிழ். நந்தினிதான் பக்கத்தில் நின்று மாற்றிச் சொல்வாள். ஒரு நாள் அவர், “நெஞ்சுல பாறாங்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு” என்றார். நந்தினி நர்ஸைப் பார்த்து வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, பாறாங்கல் என்றால் என்ன என்று மெதுவாகக் கேட்டாள்.

அவளை லக்ஷ்மிபாய் நகர்த் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படிக்கவைத்தோம். ஆங்கிலம் வராமல் போய்விடும் என்று பயந்து மாற்றியது நான்தான். காது நன்றாகக் கேட்கும், வாயும் ஓரளவு பேசும், எழுத்து மட்டும் அவளிடம் தங்கவில்லை. நான் தமிழில் எழுதுகிற எதையும் அவள் படித்ததில்லை. படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் இதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் காலையில் அவர் போனார். எரித்துவிட்டு வெளியே வந்தபோது எங்கே புகை, எங்கே வானம் என்று தெரியவில்லை. அழுகை வரவில்லை, இருமல்தான் வந்தது.

6

வீடு அவர் பெயரில் இருந்தது. இப்போது அதை என் பெயருக்கும் நந்தினி பெயருக்கும் மாற்றினால்தான் விற்க முடியும். எட்டு மாதமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறோம். பத்திரம் பதிந்த காலத்தில் குடும்பப் பெயர் இல்லாமல் படிவத்தை ஏற்க மாட்டோம் என்றதால், அவர் தன் அப்பா பெயரை முன்னால் போட்டு ‘இசக்கிமுத்து சங்கரன்’ என்று எழுதியிருந்தார். பென்ஷன் காகிதத்திலும் இறப்புச் சான்றிதழிலும் ‘இ. சங்கரன்’. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டின் சொந்தக்காரர் இசக்கிமுத்து அல்லவா, அவரை நேரில் வரச் சொல்லுங்கள் என்றார். என் மாமனார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காலமானவர். அவருக்கும் ஒரு இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். தென்காசியில் அதற்காக ஓர் உறவினர் அலைந்துகொண்டிருக்கிறார்.

நந்தினி ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள். காகிதங்களில் கையெழுத்துப் போடுவாள், சாப்பிடுவாள், போவாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “ஒன் ஆடி அப்பாவ முழுங்கிடுச்சும்மா.”

நான் மறுக்கவில்லை. அந்தப் பழி எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை. அம்மா படித்தவள், இவ்வளவு வருடம் தில்லியில் இருந்தும் மூடநம்பிக்கை போகவில்லை என்று அவள் நினைப்பது, நிஜத்தை அவள் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல்.

நிஜம் இதுதான். அரோரா கவரை மேஜைமேல் வைத்தபோது எனக்கு ஆடி நினைவுக்கே வரவில்லை. நவராத்திரிதான் நினைவுக்கு வந்தது. இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் இதே வீடு என்ன விலைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். மந்தமான மாதத்தில் தன் சொந்த வீட்டையே தள்ளிவிட்டாள் தமிழ் மேடம் என்று மற்ற டீலர்கள் டீக்கடையில் பேசுவார்களே என்ற எண்ணமும் இருந்தது. ஊருக்கெல்லாம் பருவம் பார்த்து விற்றுக் கொடுத்தவள் தன் வீட்டைக் கோட்டைவிடுவதா என்ற கர்வம். பேராசை என்றும் சொல்லலாம். வந்த மனிதரை நோகாமல் இரண்டு மாதம் தள்ளிப்போட ஒரு காரணம் தேவைப்பட்டது. ஆடி கைக்குப் பக்கத்தில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். நவம்பருக்குள் என்று டாக்டர் சொன்னதும் நினைவில் இருந்தது. நவராத்திரி அதற்கு முன்னால்தானே வருகிறது என்று கணக்குப் போட்டேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

7

மேலே உள்ளதை எழுதி வைத்து இரண்டு வாரம் ஆகிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. நந்தினி வந்து வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. அவள்தான் போய்க் கதவைத் திறந்தாள்.

வந்தவள் சுகன்யா. மதுரைப் பெண். கணவன், மனைவி இரண்டு பேருக்கும் குருகிராமில் கம்ப்யூட்டர் வேலை. பக்கத்து செக்டரில் அவர்களுக்கு நான்தான் வீடு முடித்துக் கொடுத்தேன். முன்பணம் கொடுத்து ஒரு வருடம் ஆனதற்காக ஒரு டப்பா கேசரி செய்து எடுத்து வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் இறந்தது அவளுக்குத் தெரியும். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் வந்திருக்கிறாள், பாவம். நல்ல மனசுக்காரி.

சோபாவில் உட்கார்ந்து நந்தினியிடம் என்னைப் புகழ ஆரம்பித்தாள். நான் தண்ணீர் வேண்டுமா, டீ வேண்டுமா என்று இரண்டு தடவை குறுக்கே பேசினேன். அவள் விடவில்லை.

“ஆன்ட்டி இல்லேன்னா இந்த வீடு எங்களுக்குக் கெடச்சிருக்காதுக்கா. எங்க மாமியார் ஆடி ஆடின்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. ஆன்ட்டிதான் போன்ல அவங்ககிட்டயே பேசுனாங்க. தில்லியில ஏது ஆடி, இங்க இது சாவன், நல்ல வீட்டக் காத்திருந்து விடாதீங்கன்னு அரை மணி நேரம் பேசுனாங்க. அன்னிக்கே டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டோம்.”

நந்தினி டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எந்த வருடம் என்று கேட்டாள். போன வருடம், போன ஆடி என்றாள் சுகன்யா. நந்தினி தட்டை மேஜைமேல் வைத்தாள். சுகன்யா போகும்வரை முகம் கோணாமல் பேசிக்கொண்டிருந்தாள், லிப்டு வரை போய் வழியனுப்பிவிட்டும் வந்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

“நம்ம வீட்டுக்கு மட்டும் ஆடியா?” என்றாள்.

உள்ளே போய் இந்தக் காகிதங்களை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். எல்லாம் இதில் எழுதியிருக்கிறேன் என்றேன். அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள். கடைப் பலகையைப் படிப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி ஒரு வரி முயன்றுவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“படிச்சுக் காட்டு” என்றாள்.

படித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அரோரா வந்ததைப் படித்தபோதும், அவள் அப்பா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதைப் படித்தபோதும் அவள் குறுக்கே பேசவில்லை. பாறாங்கல் வந்த இடத்தில் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆறாம் பகுதியைப் படிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. முடித்துவிட்டுக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டேன். திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூட்டை இருந்த இடத்தை.

“அந்த ஸ்வெட்டர் மூட்டை. அத அப்பா அவுத்தது எந்த நாளு?”

எல்லாவற்றையும் எழுதிய நான் அதை மட்டும் ஒரு சாயங்காலம் என்று எழுதியிருந்தேன். அவள் காது அதைப் பிடித்துவிட்டது.

“சுகன்யா மாமியார்கிட்ட நான் போன்ல பேசுன அன்னிக்கு” என்றேன்.

“அப்பா எங்க இருந்தாரு?”

“இங்கதான். சோபாவுல. மூச்சுக்கு மருந்து மெஷின் வச்சுக்கிட்டு இருந்தாரு. நான் பேச ஆரம்பிச்சதும், எனக்கு எடஞ்சலா இருக்கும்னு அதை அணைச்சாரு.”

நந்தினி எழுந்து உள்ளறைக்குப் போனாள். அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அங்கிருந்தே பேசினாள்.

“அப்ப அப்பாவுக்குத் தெரியும்.”

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. நான் ஆமாம் என்றேன்.